சிவப்புத் துணி கட்டிய கரண்டி

போன வருடம், ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை. கனகராயன்குளத்தில் பெரிய வீதியோரம் இருக்கிற என் சாப்பாட்டுக்கடையில் நடந்தது. பகல் பன்னிரண்டரை; பஸ்கள் வந்து நிற்க, புழுதியும் பசியும் ஒன்றாய் உள்ளே நுழையும் நேரம்.

பூவரசங்குளத்துப் பிள்ளைக்கு அன்று என் கடையில் பயிற்சியின் கடைசி நாள். இருபத்தாறு வயது. எதையும் விளங்கிக்கொள்ள மற்றவர்களைவிடக் கூட நேரம் எடுக்கும் அவளுக்கு. இரண்டு கிழமை வைத்துப் பாருங்கோ என்று பயிற்சி நிலையத்து ரீச்சர் விட்டிருந்தா. பின்னேரம் வருவா. வேலைக்கு எடுக்கிறேனா இல்லையா என்று நான் சொல்ல வேண்டும்.

மீனும் மரக்கறியும் ஒரே குசினியில் சமைக்கிற கடை. கலக்கக் கூடாதென்று மீன்கரண்டிகளின் காம்பில் சிவப்புத் துணி கட்டியிருப்பேன். முதல் நாளே சொல்லிக்கொடுத்தேன். "சிவப்பெண்டால் மீனுக்கு மட்டும்" என்று வாய்க்குள் சொல்லிச் சொல்லியே வேலை செய்தாள்.

அந்த மத்தியானம் விரதக்காரர் வரிசையில் நிற்க, பருப்புச் சட்டிக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். இலையில் சோறு ஆறியது.

"என்ன தங்கச்சி, பருப்புக்கு நாள் பாக்கிறியளோ?" என்றார் ஒருவர். வரிசை சிரித்தது.

அவள் என் காதோடு, "அக்கா, இது மீன்கரண்டி" என்றாள்.

கேட்டது. ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை. "நிண்டு கதைக்க நேரமில்லை, தள்ளும்" என்று சத்தம் போட்டு, காம்பைப் பாராமலே கரண்டியைப் பிடுங்கி நானே அள்ளி ஊற்றினேன்.

பின்னேரம் ரீச்சரிடம், "நல்ல பிள்ளை. அவசரத்துக்கு ஆகாது" என்றேன். அவள் ஏப்ரனை நாலாய் மடித்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

சட்டி கழுவும்போதுதான் கண்டேன். பருப்பில் ஊறிக் கிடந்த காம்பில் சிவப்புத் துணி. காலையில் மீன்குழம்பு கிண்டிய கரண்டி. அதை அங்கே போட்டதும் நான்தான். அன்று விரதம் இருந்து சாப்பிட்ட எவரிடமும் இன்றுவரை நான் வாய் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் அவள் வீட்டுக்குப் போனேன். தாய் கதிரை போட்டா. பிழை என்னுடையது, திரும்பி வாரும் என்றேன்.

"நான் சரியாத்தானே அக்கா சொன்னனான்?"

"ஓம்."

"அப்ப ஏன் கத்தினனீங்கள்?"

கதிரையை விட்டு எழும்பினேன். அவள் கடைக்கு வரவில்லை.

இப்போது எந்தச் சட்டிக்குள் கை வைத்தாலும் ஒரு கணம் நின்று காம்பைப் பார்க்கிறேன். அந்த ஒரு கணத்தை அன்றைக்கு அவளுக்குக் கொடுத்திருந்தால், இந்நேரம் அவள் என் பக்கத்தில் நின்றிருப்பாள்.