பெயர் கேட்காத படிவம்

நான் மில்லில் சேர்ந்தபோது, வேலை செய்கிறவர்களின் சோர்வை அளக்க ஏற்கெனவே ஒரு தாள் இருந்தது. வருடத்துக்கு ஒரு முறை கோயம்புத்தூர் தலைமை அலுவலகத்திலிருந்து வரும். அதில் ஐந்து முகங்கள் வரைந்திருக்கும். முதல் முகம் பல் தெரியச் சிரிக்கும், கடைசி முகம் அழும். சாப்பாட்டு நேரத்தில் மேஸ்திரி அதை நீட்டுவார். பெண்கள் அவர் கண் முன்னாலேயே சிரிக்கிற முகத்தில் டிக் அடித்துக் கொடுத்துவிட்டுத் தட்டுக் கழுவப் போவார்கள்.

மேனேஜர் அந்தத் தாள்கட்டை என் மேசையில் வைத்தார். பழனிப் பக்கத்துக்காரர், யாரிடமும் குரலை உயர்த்தாதவர்.

"பாருங்கம்மா, நம்ம மில்லுல எல்லாரும் சந்தோசமா இருக்காங்க."

"அழுகுற முகத்துல டிக் அடிச்சா மேஸ்திரி என்ன சொல்வாருன்னு அவங்களுக்குத் தெரியும் சார்."

அவர் சிரித்தார். "அப்ப நீங்களே நல்லதா ஒண்ணு தயார் பண்ணுங்க. படிச்ச புள்ளைங்கதானே."

அதில் இருந்த குத்தல் எனக்கு அன்று உறைக்கவில்லை. பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சேவுகம்பட்டியில் என் அம்மா இன்றைக்கும் கைநாட்டு. காந்திகிராமத்தில் சமூகப்பணி படித்து முடித்து, நலத்துறை அலுவலர் என்று அட்டை போட்டுக்கொண்டு மில்லுக்குள் நுழைந்தவள். அந்தத் திமிர் எனக்கு இருந்தது. இப்போதும் முழுதாகப் போகவில்லை.

இங்கிலீஷ் கேள்வித்தாள்களைத் தேடிப் படித்துத் தமிழில் எழுதினேன். எழுதியதை முதலில் வைண்டிங் பிரிவில் இருந்த ஓர் அக்காவிடம் காட்டினேன். நூலைக் கோனில் சுற்றுகிற பிரிவு அது. மில்லில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஒரே பெயரில் நாலைந்து பேர் இருப்பார்கள். அதனால் வேலை பார்க்கும் பிரிவும் வருகிற மில் பஸ்ஸும்தான் அடையாளம். அந்த அக்கா குஜிலியம்பாறை வண்டியில் வருகிறவர். எல்லோருக்கும் அவர் 'வைண்டிங் குஜிலி'.

"'பணியின் காரணமாக உணர்வுரீதியாக வெறுமை அடைந்துள்ளீர்களா?'" என்று எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "என்னா பாப்பா இது, ரேசன் கடை போர்டு மாதிரி?"

"வேலையில மனசு விட்டுப் போச்சான்னு கேக்குதுக்கா."

"அத அப்பிடியே கேக்க வேண்டியதுதான? இம்புட்டு படிச்சும் நேராப் பேச வரலயே ஒனக்கு." சாப்பாட்டுத் தூக்கை மூடிவிட்டுச் சொன்னார்: "ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஆச்சுன்னா எனக்கு வயித்தப் பெரட்டும். விடிஞ்சா இங்க வரணுமேன்னு. அதக் கேளு. வீட்டுல புள்ள வந்து ஏதாச்சும் ஆசையாச் சொல்லும். வாய மூடுன்னு சொல்லிப்புடுவேன். முன்னாடியெல்லாம் நான் அப்பிடி இல்ல. அதயும் கேளு."

நான் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். நான் படித்த இங்கிலீஷ் தாள்கள் பக்கம் பக்கமாகச் சுற்றிச் சுற்றிக் கேட்டதை அவர் நாலு வாக்கியத்தில் கேட்டுவிட்டார்.

கிளம்பும்போது நின்றார். "இதுல பதில் எழுதுனது நாந்தான்னு தெரிஞ்சிருமா?"

"பேரே கெடையாதுக்கா. டோக்கன் நம்பரும் கெடையாது. சத்தியமாத் தெரியாது."

"யாரு மேல சத்தியம்?"

"எங்கம்மா மேல."

"பாவம் ஒங்கம்மா," என்று சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "எனக்கு இந்தப் பகல் ஷிஃப்ட்டு போச்சுன்னா வேலையே போன மாதிரி. பாத்துக்க."

அவர் கணவர் திருப்பூரில் இருந்தார். வீட்டில் மூன்றாம் வகுப்பு படிக்கிற மகளும் அவரும்தான். காலை ஆறு மணி ஷிஃப்ட் இரண்டுக்கு முடிந்தால், மகள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் வீட்டில் இருக்கலாம். அதற்காகவே வருடக்கணக்கில் கெஞ்சி நிரந்தரப் பகல் ஷிஃப்ட் வாங்கியிருந்தார்.

தாள் அச்சாகி வந்தது. பெயர் இல்லை, வயது இல்லை, டோக்கன் எண் இல்லை. மேலே மூன்று கட்டங்கள் மட்டும்: பிரிவு, ஷிஃப்ட், எந்த பஸ். மிஷின் மட்டுமல்ல, ரோடும் ஆளைத் தின்கிறது என்று நிரூபிக்க நினைத்தேன். விடியுமுன் கிளம்பும் வண்டியில் வருகிறவர்களுக்கு எவ்வளவு சோர்வு, பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட பஸ் கட்டம் வேண்டும். ஆளைக் காட்டிக்கொடுப்பது பெயரும் எண்ணும் போன் நம்பரும்தான் என்று பாடத்தில் படித்திருந்தேன். ஒரு வருடமாகத் தினமும் காதில் விழுந்த 'வைண்டிங் குஜிலி' எனக்கு நினைவுக்கு வரவில்லை.

மேஸ்திரிகளை வெளியே அனுப்பினேன். பூட்டுப் போட்ட பெட்டி வைத்தேன். சாவி என்னிடம். பெண்கள் எழுதினார்கள். அன்று மாலை ஒவ்வொரு தாளாகப் பிரித்துப் படித்தேன். வயிற்றைப் புரட்டுகிறது, பிள்ளையை அடித்துவிட்டேன், பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கினேன், எதுவும் பிடிக்கவில்லை. படிக்கப் படிக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை பெண்கள் ஓய்ந்துபோய்க் கிடப்பதைப் படித்து நான் சந்தோஷப்பட்டேன். என் தாள் வேலை செய்கிறதல்லவா.

ஒரு தாளின் அடியில் நீளமாக எழுதியிருந்தது: 'ஆறு பேர் பார்த்த மிசினை நாலு பேர் பாக்குறோம். ஒண்ணுக்குப் போக ஆள் மாத்தி விடச் சொன்னா பத்து கோன் முடிச்சிட்டுப் போன்னு சொல்றாங்க. அடக்கி அடக்கி அடிவயிறு வலிக்குது.' யார் எழுதியது என்று எனக்குத் தெரியும். இருந்ததிலேயே அதுதான் பலமான பதில். அப்படியே அறிக்கையில் போட்டேன்.

கோயம்புத்தூர் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். திரையில் என் அட்டவணையைக் காட்டினேன். பிரிவு, ஷிஃப்ட், வண்டி, எத்தனை தாள். சோர்வு கூடக் கூட சிவப்பு. கடைசியில் அந்தப் பதில், அதன் மூன்று கட்டங்களோடு. மேடம் கை தட்டினார். கம்பெனியின் மற்ற இரண்டு மில்களிலும் நானே இதை நடத்த வேண்டும் என்றார்.

மேனேஜர் திரைக்குப் பக்கத்தில் போய், ஒரு வரியின் மேல் விரலை வைத்தார்.

"வைண்டிங், பகல் ஷிஃப்ட், குஜிலியம்பாறை வண்டி. ஒரே ஒரு தாள்தானுங்க." என்னைத் திரும்பிப் பார்த்துப் புன்னகை செய்தார். "நம்ம குஜிலியம்மா இம்புட்டு அழகா எழுதுமா? எனக்குத் தெரியாதுங்களே."

மேடத்துக்கு ஒன்றும் புரியவில்லை. நான் திரையை அணைத்தேன்.

திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் அந்த அக்கா வாரத்துக்கு வாரம் மாறுகிற ஷிஃப்டில் இருந்தார். முதல் வாரம் மதியம் இரண்டு முதல் இரவு பத்து. நான் மேனேஜர் அறைக்கு ஓடினேன்.

"பகல் ஷிஃப்ட்ல கஷ்டமா இருக்குன்னு அந்தம்மாவே எழுதியிருக்குது. மாத்திக் குடுத்திருக்கோம். பதில்களின் பேரில் நடவடிக்கை எடுக்கணும்னு நீங்கதானே கடைசிப் பக்கத்துல போட்டிருக்கீங்க?"

இதை உடைக்க ஒரே வழிதான் இருந்தது. என் தாளில் தவறு இருக்கிறது, ஆள் யாரென்று தெரியும்படி நானே வைத்துவிட்டேன், அதை வைத்துப் பழிவாங்கியிருக்கிறார்கள் என்று மேடத்துக்கு எழுதுவது. அன்றே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். 'நானே' என்ற சொல்லை எடுத்துவிட்டுப் பார்த்தேன். மறுபடி போட்டேன். கை தட்டியவர் என்ன நினைப்பார் என்று யோசித்தேன். சரியான வார்த்தை கிடைக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்பது நாள் அந்தக் கடிதம் கம்ப்யூட்டரிலேயே கிடந்தது.

அந்த ஒன்பது நாளும் நான் சாப்பாட்டுக் கூடத்தைக் கடக்கும்போது பேச்சு நின்றுவிடும். ஒருத்தி உரக்கச் சொன்னாள்: "ஏய், வழிய விடுங்கடி. சத்தியம் பண்ற டீச்சரு போறாக." அந்த அக்கா மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. அவர் மகள் பக்கத்து வீட்டில் சாப்பிட்டு அங்கேயே தூங்குவதாக வேறொருத்தி சொன்னாள்.

பத்தாம் நாள் அனுப்பினேன். மேடம் நல்லவர். அன்று மாலையே பதில் வந்தது. இனி பஸ் கட்டம் வேண்டாம் என்றார். அந்தத் தொழிலாளிக்குப் பகல் ஷிஃப்ட் திரும்பக் கொடுக்க உத்தரவும் வந்தது. என் நேர்மையைப் பாராட்டி ஒரு வரி எழுதியிருந்தார். ஆனால் அக்கா வேலைக்கு வராமல் நின்று மூன்று நாளாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை குஜிலியம்பாறைக்குப் போனேன். விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது, ஊருக்கு வெளியே ஒரு கடலைக்காட்டில் ஏழெட்டுப் பெண்களோடு வரிசையில் உட்கார்ந்து களை வெட்டிக்கொண்டிருந்தார். மழை பெய்து ஓய்ந்த மண். என் செருப்பில் அப்பிக்கொண்டது.

"ஆர்டர் வந்துருச்சுக்கா. பகல் ஷிஃப்ட்டு உங்களுக்குத்தான். நாளைக்கே வரலாம்."

"மேஸ்திரி அதே ஆளுதான?"

"ஆமாக்கா."

"மேனேசரு?"

அவரும்தான் என்றேன். அக்கா நெற்றியைப் புறங்கையால் துடைத்தார். "திரும்பி வந்தா நான் எழுதிக் குடுத்தவன்னுதான் பேரு. ஒண்ணுக்குப் போகக் கேட்டா இருவது கோனும்பான். வேணாம் பாப்பா."

பக்கத்தில் இருந்த பெண், "யாருடி இது, ஆபீசர் மாதிரி?" என்றாள்.

"மில்லுல இருக்குற படிச்ச பொண்ணு," என்றார். பிறகு என்னிடம் திரும்பினார். "நான் எழுதுனேன்ல, ஆறு பேரு மிசினு நாலு பேருன்னு. அதுக்கு ஆளு போட்டாகளா?"

"இல்லக்கா."

"மாத்தி விடவாச்சும் ஆளு வச்சாகளா?"

"இல்ல."

"அப்ப எதுக்குப் பாப்பா கேட்ட?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதற்குள் வரிசை முன்னால் நகர்ந்துவிட்டது. தன் இடம் விட்டுப்போகக் கூடாதென்று அவரும் குந்தியபடியே நகர்ந்து போய்ச் சேர்ந்துகொண்டார்.