தெருக்கோடி வரை கேட்கும் ஹாஜர்

ஆஸ்டின் டவுனில் மாநகராட்சியின் தெருக் கூட்டும் தற்காலிக வேலையில் இருந்தேன். தினமும் காலையில் மேஸ்திரி பெயர் கூப்பிடுவார். எங்கள் சங்கத் தலைவியான ஓர் அம்மா, பெரிய தோடும் ஆண் செருப்புமாக நின்று, தெருக்கோடி வரை கேட்கும்படி “ஹாஜர்!” என்பார்.

பட்ஜெட்டில் பணமில்லையென்று தற்காலிக ஆட்களை நீக்கினார்கள். எனக்குத் திரும்பவும் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில்தான் படுக்கை என்று நினைத்தேன். அன்று மேஸ்திரி நிரந்தர ஆட்களின் பெயர்களை மட்டும் படித்தார். அந்த அம்மா வாய் திறக்கவில்லை. மற்றவர்களும் திறக்கவில்லை.

“ஏம்மா, எதிர்லயே நின்னுக்கினு ஆப்சென்ட் ஆகுறியா? ஆறு மாசத்துல ரிடையர் ஆகணும் நீ” என்றார் மேஸ்திரி.

“லிஸ்ட்ல பாதிப் பேரக் காணோம். முழுசாப் படி, பேசுறேன்.”

மூன்று நாள் குப்பை அப்படியே கிடந்தது. நான்காம் நாள் என் பெயரும் வந்தது. நிம்மதியில் எனக்குக் குரலே எழவில்லை. அந்த அம்மா என் முதுகில் ஒன்று வைத்தார்.

“வாயத் தொறடா! உனக்காகத்தான் மூணு நாளா நான் மூடிக்கினு இருந்தேன்.”

எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்த வருடம் நான் வேறு ஊருக்குப் போய்விட்டேன். இன்றும் எங்கே யார் என் பெயரைக் கூப்பிட்டாலும், தேவைக்கு மேல் சத்தமாகவே பதில் சொல்கிறேன்.