குத்திப் பார்த்த பளிங்கு

ஹேவாஹெட்டப் பக்கம் கொழுந்து பறிக்கும் அங்கம்மாவின் மூத்த மகள் சுகிர்தா, எனக்கு அக்கா. கெலிஓயாவுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தாள். தோட்டத்தில் கேட்டால், "புள்ள லேப்புல ரத்தம் பாக்குது" என்பார்கள். அவள் பார்த்தது தேயிலைச் செடியின் புரதம். டி.என்.ஏ.யைப் பிடித்துக்கொண்டு, எந்த மரபணு வேலை செய்யலாம், எது சும்மா கிடக்கலாம் என்று கங்காணித்தனம் பண்ணும் புரதம். அதன் உருவம் தெரிய எக்ஸ்ரே பிடிக்க வேண்டும். எக்ஸ்ரே பிடிக்க, முதலில் அது படிகமாக உறைந்து பளிங்காக வேண்டும்.

அதுதான் ஆகாது. சின்னக் கண்ணாடியில் ஒரு துளி விட்டு, கவிழ்த்து, உப்புக் கரைசலுக்கு மேலே தொங்கவிட்டு, சுற்றிலும் கிரீஸ் பூசி மூடுவாள். ஆடக் கூடாது, சூடாகக் கூடாது. பிள்ளை பெற்ற வீடு மாதிரி கதவைக்கூட மெதுவாகச் சாத்த வேண்டும். பதினாலு மாதம் இப்படி. வந்ததெல்லாம் கலங்கல்.

"ஒம் புரதத்துக்குத் தடிமன் புடிச்சிருக்கு. கொத்தமல்லி அவிச்சுக் குடு" என்பேன்.

போன ஜூலையில் ஒரே ஒரு துளியில் ஒரே ஒரு பளிங்கு வந்தது. தூசியைவிடக் கொஞ்சம் பெரிது, செதுக்கினாற்போல் ஆறு பக்கம். அக்காவின் ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியில் முடிகிறது. பளிங்கு கிடைத்தால் இரண்டு வருடம் நீட்டுவதாகப் பேச்சு.

பொறுப்பாளர் டொக்டர் மஸாஹிரா நுணுக்குக்காட்டியில் பார்த்தார்.

"உப்பாத்தான் ஈக்கும், சுகிர்தா. குத்திப் பாருங்க."

உப்புப் பளிங்கை ஊசியால் குத்தினால் டக்கென்று தெறிக்கும். புரதம் என்றால் சத்தமே வராது, மெத்தென்று நொறுங்கிவிடும். எதுவானாலும் பளிங்கு மிஞ்சாது.

"ஒண்ணே ஒண்ணுதான் மெடம் இருக்கு. அப்புடியே வெளிநாட்டுக்கு அனுப்பிருவோமே. எக்ஸ்ரேல தெரிஞ்சிரும்தானே?"

"உப்ப அனுப்பி ஒருக்கா வெக்கப்பட்டது போதும்."

அந்த உப்பை வளர்த்தவர் அதே ஆய்வுகூடத்துப் பஹ்மி, பட்டதாரி. அவர் வாக்கை நம்பிக் குத்தாமலே அனுப்பியிருந்தார்கள். அக்கா உயர்தரப் பரீட்சையோடு நின்றவள், பட்டம் இல்லை.

"பஹ்மி சேரோடத குத்தலையே மெடம்."

"அதுலதானே நாங்க பாடம் படிச்ச."

பாடம் படித்தது அவர்கள். பளிங்கு மட்டும் எங்களுடையது.

அக்காவே ஊசியை எடுத்தாள். சத்தம் வரவில்லை. நடுவில் பள்ளம் விழுந்து, பிட்டு மாதிரி உதிர்ந்தது.

"அல்லாஹ்! புரதம்தான்" என்றார் மஸாஹிரா. "இன்னொண்டு வளத்துருங்க."

அந்தப் புரதம் இருந்த குப்பி காலியாகியிருந்தது. புதுக் குப்பியில் அதே அளவு, அதே கரைசல், அதே கை. மாதம் முடிய மிஞ்சியிருந்த பதினாறு நாளும் கலங்கல்தான். முப்பத்தோராம் திகதி நற்சான்றுக் கடிதம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். 'மிகவும் பொறுமையானவர்' என்று எழுதியிருந்தது. வண்டி மாட்டுக்கும் அதைத்தான் எழுதுவார்கள்.

இப்போது கட்டுகஸ்தோட்டையில் ஒரு பார்மசியில் மாத்திரை கட்டிக் கொடுக்கிறாள். ஒருநாள் அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்தேன்: "உப்பா இருந்திருந்தா முட்டாளுன்னு அனுப்பியிருப்பாங்க. நீ கெட்டிக்காரியாவே வெளிய வந்துட்டக்கா."

அவள் சிரிக்கவில்லை.

"உப்பாவே இருந்திருக்கலாம்டி" என்றாள். "ஒரு நாள் அழுதுட்டு விட்டிருப்பேன்."