பீரோ மறைத்த சுவர்

அத்தைக்குச் சீராகக் கொடுப்பதற்கென்று வாங்கிய ஸ்டீல் பீரோ, கல்யாணத்துக்கு முன்பே எங்கள் வீட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டது. துணிமணி வைப்பதற்கல்ல. ஒரு சுவரை மறைப்பதற்கு.

தொண்ணூறுகளின் நடுவில் அப்பா ஜீவனஹள்ளியில் ஒரு வீடு வாங்கியிருந்தார். முன்னால் இரண்டு அறைகள். பின்னால் தனி வாசலோடு ஓர் அறையும் சின்னதாக ஒரு சமையலறையும். அந்தப் பின் அறையில்தான் அப்பாவின் தங்கை, என் அத்தை, இருந்தாள். அவளுக்கு ஐப்பசியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவள் புகுந்த வீட்டுக்குப் போனால் அந்தப் போர்ஷன் காலியாகும். அதை இப்போதே லீசுக்குப் பேசிவிட வேண்டும் என்று அப்பா துடித்துக்கொண்டிருந்தார். பெங்களூர் லீசில் மாத வாடகை கிடையாது. குடி வருகிறவர் மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு, காலி செய்யும்போது திரும்ப வாங்கிக்கொள்வார். அந்தத் தொகை கைக்கு வந்தால் கல்யாணம். வராவிட்டால் தள்ளிப்போகும். காபி ஆற்றும்போதெல்லாம் அம்மா இதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துச் சுவர் காலை வாரியது. முதலில், பின் அறை மாடத்தில் இருந்த தீப்பெட்டி எவ்வளவு உரசியும் பற்றவில்லை. அம்மா கடைக்காரரைத் திட்டினாள். பிறகு அத்தையின் டிரங்குப் பெட்டியில் அடியில் கிடந்த புடவையில் பூஞ்சணம் பிடித்திருந்தது. அம்மா இப்போது அத்தையைத் திட்டினாள். கடைசியில் அப்பா சுவரைத் தட்டிப் பார்த்தார். மற்ற இடங்களில் கெட்டியாகக் கேட்ட சத்தம், ஓரிடத்தில் மட்டும் 'பொத்' என்று கேட்டது. நகத்தால் சுரண்டியதும் பூச்சு ஈரமாகப் பொரிந்து கையோடு வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. உள்ளே எங்கோ குழாய் கசிந்து, எத்தனை காலமாகவோ சுவர் அதைக் குடித்துக்கொண்டிருந்தது.

சுவரை உடைத்துக் குழாயைப் பார்ப்பதுதான் சரியான வேலை என்று அப்பாவுக்கும் தெரியும். கல்யாணத்தை வைத்துக்கொண்டு யார் சுவரை உடைப்பார்கள்? வெளிர்பச்சை டிஸ்டம்பர் வாங்கி வந்தார். அத்தையே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பிரஷ் அடித்தாள். கொஞ்ச நாள்கூடத் தாங்கவில்லை, பச்சை நிறத்திலேயே கொப்புளம் கிளம்பிற்று. அப்புறம்தான் பீரோ வந்து அங்கே நின்றது. வாடைக்கு அம்மா காலையிலும் மாலையிலும் சாம்பிராணி போட்டாள். அக்கம்பக்கத்தார், கல்யாண வீடு எப்படி மணக்கிறது பார் என்று மெச்சிக்கொண்டார்கள்.

இதிலெல்லாம் ரகசியம் ஒன்று இருக்கிறது என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. கல்யாணத்துக்காக அறையை அழகுபடுத்துகிறார்கள் என்றே நினைத்தேன். நானும் அம்மாவும் ஆம்பூரிலிருந்து வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எங்கள் தெரு முழுக்கத் தமிழ். கடையில் தமிழ், சண்டையிலும் தமிழ். கன்னடம் எனக்குப் பஸ் போர்டில் பார்த்த எழுத்தாக மட்டுமே இருந்தது. கன்னடக்காரர்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: அவர்கள் சோறு சாப்பிடுவதில்லை, கேழ்வரகுக் களிதான் சாப்பிடுவார்கள். இதை எனக்குச் சொன்னது பக்கத்து வீட்டுப் பெண். அவளுக்கு எட்டு வயது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க ஒரு டீச்சர் வந்தார். கன்னடக்காரர், பள்ளிக்கூடத்தில் வேலை. மூன்று நான்கு வயது மகளை இடுப்பில் வைத்திருந்தார். அவர்கள் நுழைவதற்கு முன்பே அம்மா என்னை மூலைக்கு இழுத்து, "வீட்டப் பத்தி எது கேட்டாலும் நல்லபடியா சொல்லு. மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு நிக்காத" என்று சொல்லியிருந்தாள்.

டீச்சருக்கு எல்லாமே பிடித்திருந்தது. தனி வாசல் பிடித்திருந்தது, சமையலறை பிடித்திருந்தது, அத்தையின் கல்யாணச் சேதியும் பிடித்திருந்தது. அப்பாவின் முகத்தில் பத்திரிகையே அச்சாகிவிட்ட களை. சாம்பிராணிப் புகைக்கு அந்தக் குழந்தை மட்டும் இருமிக்கொண்டிருந்தது. டீச்சர் அதன் முதுகைத் தடவியபடி என் பக்கம் குனிந்து, சிரித்துக்கொண்டே கேட்டார்.

"மனெ சோருத்தா, புட்டி?"

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் சோறு உண்டா என்றா கேட்கிறார்? எங்களைக் களி சாப்பிடுகிறவர்கள் என்று நினைத்துவிட்டாரா, இல்லை, சோற்றுக்கே வழியில்லாதவர்கள் என்றா? அம்மா சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்தது. நிமிர்ந்து நின்று, நல்லபடியாகச் சொன்னேன்.

"தெனமும்! நெறைய!"

டீச்சரின் சிரிப்பு நின்றது. அப்பாவைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்து, "எல்லி?" என்றார்.

எலி! சோறு நிறைய இருக்கிற வீட்டில் எலியும் இருக்கும் என்று எப்படித்தான் கண்டுபிடித்தாரோ. முந்தின நாள்தான் ஒரு சுண்டெலி ஓடி, அம்மா துடைப்பத்தோடு துரத்தியிருந்தாள். அது போய் ஒளிந்த இடத்தை நான் பார்த்திருந்தேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. கையை நீட்டிக் காட்டினேன்.

"பீரோ பின்னாடி."

"மகுகெ அர்த்த ஆகில்ல மேடம்" என்று அப்பா அவசரமாகக் குறுக்கே வந்தார். குழந்தைக்குப் புரியவில்லை என்றார். அவர் அன்று சொன்னதில் அது ஒன்றுதான் முழு உண்மை. டீச்சர் அதற்குள் பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் கையை விட்டுவிட்டார். வெளியே வந்த கையில் பச்சைச் சுண்ணாம்பு சேறாக ஒட்டியிருந்தது. விரலை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பீரோவின் முதுகிலும் அதற்குள் துரு ஏறியிருந்தது.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. குழந்தைக்கு வீசிங் இருக்கிறது என்று முதலிலேயே சொன்னேனே சார் என்று கன்னடத்தில் மெதுவாகச் சொன்னார். 'வீசிங்' எனக்கும் புரிந்தது. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அப்பா எதையோ தேடுகிறவர்போலச் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வீட்டுக்கு வந்தவரிடம் எங்கள் வீட்டு எலியைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று எண்ணியே கூசியது.

போகிறவர் வாசலில் திரும்பி நின்று, பாயையும் தலையணையையும் பார்த்து, "இல்லி யாரு மலக்தாரெ?" என்று கேட்டார். இங்கே யார் படுக்கிறார்கள் என்று அர்த்தம். அம்மா அப்பாவைப் பார்த்தாள், அப்பா தரையைப் பார்த்தார்.

"நானு" என்றாள் அத்தை.

டீச்சர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். குழந்தையோடு படியிறங்கிப் போனார். அப்பா தலையைத் தூக்கவே இல்லை.

கல்யாணம் தைக்குத் தள்ளிப்போயிற்று. மாப்பிள்ளை வீட்டாருக்கு ஏதோ காரணம் சொல்லிக் கடிதம் போனது. அத்தை அழவும் இல்லை, என்னைத் திட்டவும் இல்லை. "ஒண்ணும் இல்ல பாப்பா, போய் வெளையாடு" என்றாள். அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்தில் கன்னட டீச்சர் 'சோரு' என்றால் ஒழுகுவது, 'எல்லி' என்றால் எங்கே என்று சொல்லிக்கொடுத்தபோது, காது மடல் சுடச் சுட பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு நடந்தது முழுக்க விளங்கிவிட்டது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

முழுக்க விளங்கவில்லை. டீச்சர் வந்துபோன அன்றைக்கே அத்தையின் பாய் முன் அறைக்கு, எனக்கும் அம்மாவுக்கும் பக்கத்தில் வந்துவிட்டது. அப்பா தன் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பின் அறைக்குப் போனார். சுவரை உடைத்துக் குழாய் மாற்றும் வரைக்கும் அங்கேதான் படுத்தார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. ராத்திரியில் பின் அறையிலிருந்து அவர் இருமுவது கேட்கும். என் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல்தான் அப்பா அங்கே போய்ப் படுக்கிறார் என்று, அந்த மழைக்காலம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன்.