கீலில் வைத்த சந்தனம்

பெண் கொடுத்த வீட்டில் அப்பா ஒரு வேளைக்கு மேல் கை நனைக்க மாட்டார். திருநாவலூரிலிருந்து காலையில் வந்தால் சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவார். அந்த முறை அவர் கள்ளக்குறிச்சிக்கு வந்து இறங்கிய அன்றே, இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் ரோட்டோர மரங்களையெல்லாம் வெட்டிக் குறுக்கே போட்டுவிட்டார்கள். பஸ் நின்றுபோனது. அப்பா எங்கள் வீட்டில் மாட்டிக்கொண்டார். எனக்கோ கவலை பிடித்துக்கொண்டது. சோற்றுக்காக அல்ல, என் வீட்டுக்காரரை நினைத்து.

இவர் பள்ளிக்கூட வாத்தியார். என்.சி.சி. விமானப் பிரிவு மாணவர் படையும் இவர் பொறுப்பு. பால்சா கட்டையில் சின்ன விமானம் செய்து, இரண்டு கம்பியால் பிடித்துத் தன்னைச் சுற்றி வட்டமாகப் பறக்கவிடுவார். ஊரே மறியலில் நிற்கும்போது, மீசை வைத்த மனுஷன் பொம்மை விமானத்தைக் கட்டிக்கொண்டு அழுவதை என் அப்பா பார்ப்பதா? போயும் போயும் இவனுக்கா பெண்ணைக் கொடுத்தோம் என்று நினைத்துவிட்டால் நான் எந்த முகத்தோடு பிறந்த வீட்டுக்குப் போவேன்?

விமானத்தின் வாலில் ஒரு மடல் உண்டு. கம்பியை இழுத்தால் அது மேலும் கீழும் ஆடவேண்டும். ஆடினால்தான் விமானம் ஏறும், இறங்கும். அதை வாலோடு சேர்க்கும் நைலான் கீல் சென்னையிலிருந்து பஸ் பார்சலில் வரவேண்டும். எங்கே வருவது? விஜயதசமிக்குப் பறக்கவிடுவதாகப் பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்திருந்தார். சைக்கிள் டியூபை நறுக்கி ஒட்டினார். வளைத்த மடல் துள்ளித் திரும்பியது. பிளாஸ்திரி ஒட்டினார், உரிந்து வந்தது. கடைசியில் என் தையல் டப்பாவைக் குடைந்து நாடாச் சுருளை எடுத்தார்.

"இழுத்தாலும் நீளாது. கனமும் கம்மி. இதான் கரெக்ட்."

ஒரு துண்டை மேலிருந்து கீழே, அடுத்ததைக் கீழிருந்து மேலே என்று மாற்றி மாற்றி ஒட்டினார்.

"இன்னா துணி மாப்ள அது?" என்றார் அப்பா.

"பாவாட நாடாங்க மாமா."

ஐயோ, பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. இந்த மனுஷனுக்குக் கொஞ்சமாவது விவஸ்தை வேண்டாமா? அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். எனக்கு அதுவே பெரிய பேச்சாகப் பட்டது.

கூட வேலை செய்த பிள்ளைகளிடம் இவர் ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தார். "கீல் மடியற எடத்துல பசை எறங்கக் கூடாது. எறங்குச்சின்னா போச்சு. மொதல்ல மெழுகு தேய்ச்சிக்கினு அப்புறமா ஒட்டு."

ஆயுத பூசை அன்று இவர் பள்ளிக்கூடத்துப் பூசைக்குப் போய்விட்டார். நான் அரிவாள்மனை, சைக்கிள், தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். விமானத்தை மட்டும் அப்பா கண்ணில் படாமல் பீரோ மேல் தள்ளியிருந்தேன். அப்பாவே அதை இறக்கினார்.

"மாப்ளயோட ஆயுதம் இதானம்மா? இத வுட்டுட்டு இன்னா பூசை?"

ஏரானாலும் வண்டியானாலும் என் பிறந்த வீட்டில் சந்தனத்தை மூட்டில்தான் வைப்போம். தேய்கிற இடத்துக்குத்தான் மரியாதை. அப்பா சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, மடல் மடிகிற இடுக்கு முழுக்க அப்பி, குங்குமம் வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா இவரை மதித்துவிட்டார், வேறென்ன வேண்டும்?

மறுநாள் காலையில் பிள்ளைகளே வந்து விமானத்தை மைதானத்துக்குத் தூக்கிப் போனார்கள். நானும் அப்பாவும் முன்னால் நின்றோம். இவர் கம்பிகளின் கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். மடல் அசையவில்லை. குனிந்து பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். இடுக்கெல்லாம் சந்தனம் காய்ந்து சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது. பலமாக இழுத்தால் நாடா பிய்ந்துவிடும்.

இவர் நிமிர்ந்து ஒரு கணம் அப்பாவைப் பார்த்தார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"கீல்ல பசை எறங்கிடுச்சிப்பா. என் தப்புதான். இன்னிக்குப் பறக்காது."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். "சார், மெழுகு!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். அப்பாவும் சிரித்தார். "இத்தினி நாளா ஒட்டிக்கினு இருந்தது இதுக்குத்தானா? வாத்தியாருக்கே ஒட்டத் தெர்லயே!" என்றார் என்னிடம்.

நீ வைத்த சந்தனம்தான் அப்பா என்று சொன்னால் அப்பா கூனிக்குறுகிப் போவார். சொல்லாவிட்டால் இவர். சரி, சும்மாவாவது நின்றிருக்கலாம். நானும் சிரித்தேன். அப்பாவோடு சேர்ந்து, தலையில் அடித்துக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்தேன். சீ, நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. இவர் அதைப் பார்த்துவிட்டார்.

ரோடு திறந்ததும் அப்பா ஊருக்குப் போனார். அவர் போகும்வரை இவர் விமானத்தைத் தொடவே இல்லை. போன பிறகுதான் ஊசியை எடுத்து உட்கார்ந்து இடுக்கைச் சுரண்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாலைப் பிடித்துக்கொண்டேன்.

"மாமாவுக்குத் தெரிய வாணாம். பாவம், ஆசையா வச்சாரு," என்றார்.

நான் சிரித்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாலு திட்டு வாங்கிக்கொண்டு அன்றோடு அழுது தீர்த்திருப்பேன்.