சரியான சொல்

நான் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். ஸ்ரீரங்கத்தில் எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் யார் ஆங்கிலத்தில் பிழை விட்டாலும் திருத்தாமல் இருக்க மாட்டேன்.

ஒரு நாள் காலை, காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருக்கும் கீழ்வீட்டு முருகேசன் தன் மனைவி இறந்த செய்தியைக் குழுவில் ஆங்கிலத்தில் போட்டார். இறந்தவர் என்னும் ‘deceased’ என்பதற்குப் பதிலாக, நோயுற்றவர் என்று பொருள்படும் ‘diseased’ என்று எழுதியிருந்தார். காதுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். நான் சரியான சொல்லை மட்டும் அனுப்பினேன். அவர் உடனே திருத்திவிட்டு, நன்றி சொன்னார்.

அப்போதுதான் உறைத்தது. ஓர் ஆறுதல் வார்த்தைகூட நான் எழுதவில்லை. மாலை வாங்கிக்கொண்டு கீழே போனேன். கண்ணாடிப் பெட்டியின் அருகே நின்றவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பேப்பருக்கும் அதையே கொடுத்திருக்கேன் சார். இப்ப சரியா இருக்குங்களா?”

சரியாகத்தான் இருந்தது. மறு கையில் இருந்த மாலையைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தேன்.