குடையில்லாமல் விழுப்புரத்துக்கு

1961, ஐப்பசி. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் இருபத்து நான்கு மைல். அதற்குள் வானத்துக்கு எத்தனை முறை புத்தி மாறும் என்று பஸ் ஸ்டாண்டில் ஒரு போர்டு எழுதி வைத்தால், என்னைப் போல் புதிதாக வந்தவர்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

நான் பிறந்து வளர்ந்தது ரங்கூனில். அங்கே மழைக்கு ஒரு நேர்மை உண்டு. வைகாசியில் பிடித்தால் ஐப்பசியில்தான் விடும். கப்பலேறி வந்து, சின்னம்மா வீட்டில் தங்கி, திண்டிவனம் அரிசி மில்லில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. மரக்காணத்துக் கடற்காற்று வந்து ஆட்டி வைக்கும் இந்த ஊரில், குடை எடுத்த அன்று வெயில் மண்டையைப் பிளக்கிறது. எடுக்காத அன்று கொட்டித் தீர்க்கிறது.

காலை எட்டு மணி. விழுப்புரத்தில் பெண் பார்க்கப் புறப்பட்டோம். பெண்ணின் அப்பா, 'பர்மாக்காரன் திரும்பக் கப்பலேறிவிடுவான்' என்று ஒருமுறை மறுத்தவர். சின்னம்மா நடையாய் நடந்து சம்மதிக்க வைத்திருந்தார். மறுபடி மறுத்தால் அவ்வளவுதான். போட்டோவில் பார்த்த முகத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

குடையை எடுத்தேன். சின்னம்மா பிடுங்கி மூலையில் சாத்தினார்.

"நல்ல காரியத்துக்குக் கருப்பு எடுத்துக்கினு போவியா? வெயில் சுள்ளுனு அடிக்குது பாரு. அங்க வந்து ரங்கூனு ரங்கூனுன்னு புலம்பாம வாயை மூடிக்கினு இரு."

டிக்கெட் ஒரு ரூபாய். மயிலம் பாதை பிரியும் கூட்டேரிப்பட்டில் மழை பிடித்தது. என் ஜன்னல் படுதா மட்டும் கிழிசல். புதுச் சட்டை தோளோடு ஒட்டிக்கொண்டது. சின்னம்மா மடியிலிருந்த பூவையும் பழத்தையும் பார்த்துக் கண்டக்டர் விஷயத்தைப் பிடித்துவிட்டார்.

"பொண்ணு பாக்கவா சார்? சின்ன வயசுல அரிசி தின்னீங்களா?"

அரிசியைப் பச்சையாக அள்ளித் தின்றவர் கல்யாணத்தில் மழை பெய்யும் என்பது இங்கே எல்லாரும் சொல்லும் கேலி.

"அவன் வேலையே அரிசி மில்லுலதாம்பா" என்று சின்னம்மா எடுத்துக் கொடுக்க, பஸ் முழுக்கச் சிரிப்பு. ரங்கூனில் ஆறு மாதம் மழை. அப்படியானால் ஊரே அரிசி தின்றதா? யாரிடம் போய்க் கேட்பது!

விக்கிரவாண்டியில் வெயில். சட்டை காய்ந்தது. அப்பாடா என்று விழுப்புரத்தில் இறங்கினால் மறுபடியும் மழை. பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வேட்டி முழங்கால் வரை சேறு.

பெண்ணின் அப்பா துண்டு நீட்டினார். "எங்க பக்கத்துத் தண்ணி, காத்து எல்லாம் ஒத்துக்கிச்சுங்களா?"

எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஒத்துக்கலைங்க. இதெல்லாம் ஒரு மழையா? வந்தா வரணும், போனா போகணும். மனுஷனைப் பைத்தியமாக்குது!"

சின்னம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். பெரியவர் முகம் இறுகியது.

"அப்ப, கப்பலேறத்தான் போறீங்க."

கதவுக்குப் பின்னாலிருந்து பெண்ணின் குரல் கேட்டது. "அவரை ஏம்பா கேக்கறீங்க? அரிசி தின்னது நானு."

உள்ளே அவள் அம்மா சிரித்த சிரிப்பில் பெரியவரும் சிரித்துவிட்டார்.

"நான் எங்கேயும் போகமாட்டேங்க" என்றேன்.

மாலையில் கிளம்பும்போது வானம் கருகருவென்று இருந்தது. பெரியவர் தம் கருப்புக் குடையை என் கையில் கொடுத்தார்.

"நாள் பாத்து ஆள் அனுப்பறேன். வரும்போது மறக்காம எடுத்துக்கினு வாங்க, மாப்ள."

கருப்பு ஆகாது என்ற சின்னம்மாவே குடையைப் பத்திரமாகப் பிடிக்கச் சொன்னார். பஸ்ஸில் குடையை மடியிலேயே வைத்திருந்தேன். திண்டிவனம் சேரும் வரை ஒரு சொட்டு விழவில்லை.